எஸ்தரின் பின்னணிக் குறிப்பு

மார்ச் 3

எஸ்தரின் பின்னணிக் குறிப்பை என்னையே எழுதச் சொல்லிவிட்டார் இயக்குநர். உங்களைவிட அவரை நன்றாக அறிந்தவர் யார் என்று ஒரு சிரிப்பு வேறு. அரசுக்குள் கடல் பாதுகாப்புக்கென்று புதிதாக ஓர் ஆலோசகர் பதவி வருகிறது. டெல்லியிலுள்ள எங்கள் ஆய்வு மையத்திலிருந்து இரண்டு பெயர்கள் போகின்றன. முதல் பெயர் எஸ்தர் ரூபவதி. இரண்டாவது பெயர் சுபாஷிணி தாமோதரன், அதாவது நான். பட்டியலில் வரிசை முக்கியமில்லை என்றார். அகர வரிசை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

எனக்கு இந்தப் பதவி வேண்டும். வெளியில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. பதினெட்டு வருடமாக மற்றவர்கள் முடிவெடுப்பதற்கு நான் அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். ஒரு தடவையாவது முடிவெடுக்கிற மேஜையில் உட்கார வேண்டும்.

மார்ச் 5

குறிப்பு எழுதி முடித்தேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பாவுக்கு ஒரு வள்ளம். பாளையங்கோட்டையில் எம்.ஏ., இரண்டு வருடம் பத்திரிகை வேலை, பிறகு டெல்லியில் முனைவர் பட்டம். கடலோரக் கண்காணிப்பில் மீனவர்களையே கண்ணாக வைக்கலாம் என்று அவள் எழுதிய அறிக்கைதான் அவளைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு தொலைக்காட்சி, கருத்தரங்கு, கப்பற்படைக் கல்லூரியில் உரை. இருநூற்றுப் பத்து வார்த்தைகள் வந்தன. என் குறிப்பு நூற்று நாற்பது. கோயமுத்தூர் கான்வென்ட், சென்னை, லண்டன் முனைவர் பட்டம், பதினோரு அறிக்கைகள் என்று எல்லாவற்றையும் போட்ட பிறகும் நூற்று நாற்பதுதான்.

'மீனவரின் மகள்' என்ற இரண்டு வார்த்தைகளை எடுத்துவிட்டு அனுப்பினேன். இயக்குநர் அதைத் திரும்பப் போட்டு, முதல் வரிக்கே கொண்டுபோய்விட்டார். மில் மேனேஜரின் மகள் என்று யாராவது என் குறிப்பைத் தொடங்குவார்களா? என் அப்பாவும் காலை ஆறு மணி ஷிப்டுக்கு எழுந்து போனவர்தான்.

அவளுடைய முதல் அறிக்கையின் ஆங்கிலத்தை வரிக்கு வரி திருத்தியது நான் என்பது எந்தக் குறிப்பிலும் இல்லை.

மார்ச் 9

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மறுபடி ஒழுகுகிறது. ஆள் வரவில்லை.

மார்ச் 16

ஞாயிறு. எஸ்தர் மீன் குழம்பு கொண்டு வந்தாள். அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என் குழம்பை அவர் இரண்டாவது முறை கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். "ஏட்டி, காலி பாத்திரமாவா குடுக்க?" என்று சிரித்தாள். அவசரமாக நான்கு ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுக் கொடுத்தேன். நான்கில் ஒன்று அழுகல் என்று தெரிந்துதான் போட்டேன். இப்படியும் ஒரு நாற்பத்தெட்டு வயதுப் பெண்.

அவள் போன பிறகு, அந்தப் புள்ளைக்கு இந்த வேலை கிடைச்சா நல்லா இருக்கும் என்றார் அவர். என் பெயரும் பட்டியலில் இருப்பது அவருக்குத் தெரியும். மறந்திருப்பார். மறதி என்றே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 8

பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகளுக்கு என் வருடாந்திர வகுப்பு. இதை எட்டு வருடமாக எடுக்கிறேன். எங்கள் தொழிலின் முதல் பாவம் எது என்று ஆரம்பிப்பேன். ஒரே வாயை இரண்டு வாயாக எண்ணுவதுதான். ஒருவன் ஒரு வதந்தியைச் சொல்கிறான். அதைக் கேட்ட இன்னொருவன் தனக்குத் தெரிந்ததுபோல் சொல்கிறான். ஆய்வாளர் இருவரையும் கேட்டுவிட்டு, இரண்டு இடத்திலிருந்து உறுதியானது என்று கோப்பில் எழுதுகிறார். அந்தக் கோப்பை நம்பி ஒரு கப்பல் கிளம்பிவிடும். ஆகையால் எந்தச் செய்தி வந்தாலும் முதல் கேள்வி, இது உனக்கு யார் சொன்னது என்பதுதான்.

கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், எஸ்தர் மேடமும் இந்த வருடம் வகுப்பு எடுப்பார்களா என்று கேட்டாள்.

ஏப்ரல் 21

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஸ்தரின் காரில்தான் தினமும் போய் வருகிறேன். இன்று போகும்போது பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தைப் பற்றிக் கேட்டாள். முதல் பெயருக்கு மட்டும் இப்போது படிவம் வந்திருக்கிறது. அதில், குடும்பத்தில் யார் மீதாவது வழக்குப் பதிவாகியுள்ளதா என்று ஒரு கேள்வி.

அவள் தம்பி ரெக்சனின் விஷயம் எனக்குத் தெரியும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ரெக்சன் தன் படகின் எஞ்சினை ஊர்க்காரன் ஒருவனுக்கு இரவல் கொடுத்திருக்கிறான். அவன் அதை மாட்டிக்கொண்டு பீடி இலை கடத்தப் போய்ப் பிடிபட, ரெக்சனையும் பன்னிரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் எஸ்தர் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அத எழுதணுமாட்டி?" என்று கேட்டாள்.

"வழக்கே போடலையே. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்றேன்.

சரியான பதில்தான். எந்த வக்கீலைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

மே 6

வெயில் நாற்பத்து நான்கு. கூலரில் தண்ணீர் ஊற்ற மறந்து வந்துவிட்டேன். மதியம் பல்லாவோடு தேநீர். கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் மையத்தில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர். கேட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். எஸ்தரைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்போதெல்லாம் வேறு பேச்சு எங்கே வருகிறது? அவளுக்குக் கிடைக்க வேண்டும், ஆனால் தம்பியின் பழைய கடத்தல் விவகாரத்தை யாராவது கிளறிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது என்றேன். அப்படியா, எனக்குத் தெரியாதே என்றார். தெரிய வேண்டியதில்லை, உங்களோடு இருக்கட்டும் என்றேன்.

உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் சொன்னேன்.

மே 14

சரிபார்ப்பு அதிகாரி வந்தார். பெயர் நேகி, இமயமலைப் பக்கத்துக்காரர். மெதுவான பேச்சு, மிகச் சிறிய நோட்டு. எஸ்தரைப் பற்றி என்னிடம் நாற்பது நிமிடம் பேசினார். கெட்டிக்காரி, உழைப்பாளி, கை சுத்தம் என்று எல்லாம் சொன்னேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, எளிய குடும்பம் என்று சொல்லி நிறுத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

மே 22

நேகி மறுபடி வந்தார். இந்த முறை ஐந்தே நிமிடம், உட்காரக்கூட இல்லை. எஸ்தரின் தம்பி கடத்தலில் மாட்டி ஸ்டேஷனில் இருந்ததாக இங்கே வேறொருவர் சொல்கிறார், நீங்கள் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டார்.

ஆம், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

நோட்டில் ஏதோ ஒரு வரி எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வேறொருவருக்கு யார் சொன்னது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி அது. என் வகுப்புக்கு அவர் வந்ததில்லை.

மே 23

பல் வலி. எதுவும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 17

எஸ்தருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இயக்குநர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். குடும்ப விவரத்தை மறைத்திருக்கிறார், இரண்டு இடத்திலிருந்து உறுதியாகியிருக்கிறது என்று கோப்பில் இருக்கிறதாம். மறைக்கிற ஆளா அவர் என்று மூன்று தரம் கேட்டார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போகவில்லை. உள்ளூர் போலீஸ் ரெக்சனைத் தேடிப் போயிருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முந்தாநாள்தான் படகுகள் இறங்கின. இரண்டு மாதம் காத்திருந்தவன், மகனையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் படகை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முந்திய அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

இது நான் நினைக்காதது. பதவியோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 18

காலை எட்டரைக்கு வழக்கம்போல் கார் வந்தது. வராது என்று நினைத்து மெட்ரோ அட்டையை எடுத்து வைத்திருந்தேன். வழி நெடுக அவள் ஊருக்குப் பேசிக்கொண்டே வந்தாள். "ஒனக்கு ஒண்ணும் ஆவாதுடே, நா இருக்கம்லா" என்று தம்பியிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. இறங்கும்போது என் குடையை மறந்தேன், கூப்பிட்டுக் கொடுத்தாள்.

ஜூன் 24

படகை விட்டுவிட்டார்கள். ஒன்பது நாள் போயிற்று. அவளுக்குப் பதவி போனது போனதுதான்.

ஜூலை 2

என் பெயர் மேலே வந்துவிட்டது. படிவம் என் மேஜையில் இருக்கிறது. வீட்டில் அவரிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார். பிறகு, எஸ்தர்கிட்ட சொல்லிட்டயா என்று கேட்டார்.

குடும்பம், சொத்து, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சுலபமாக எழுதிவிட்டேன். கடைசிப் பக்கத்தில், உங்களைப் பத்து வருடத்துக்கு மேல் நெருக்கமாக அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் பெயர் கேட்கிறார்கள். அரைமணி நேரம் யோசித்தேன். லண்டன் தோழிகளோடு தொடர்பு விட்டுப்போயிற்று. அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். பல்லா வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. நாற்பத்தெட்டு வயதில் என்னை நன்றாகத் தெரிந்தவள் டெல்லியில் ஒருத்திதான்.

எஸ்தர் ரூபவதி என்று எழுதினேன்.

ஜூலை 15

அம்மா போன் செய்தாள். வேலை ஆயிற்றா, ஆயிற்றா என்று. நெய் ஜாடி கை தவறி விழுந்து சமையலறை முழுக்க வழுக்குகிறது. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

ஜூலை 21

நேகி எஸ்தரின் அறைக்குள் காலை பதினொன்றுக்குப் போனார். ஒன்றே காலுக்குத்தான் வெளியே வந்தார். என்னைப் பற்றிப் பேச இரண்டே கால் மணி நேரம் ஆகுமா? நான் அவளுக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். இடையில் இரண்டு முறை தேநீர் போயிற்று. மூன்றாவது முறை நானே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன், பிறகு மானம் தடுத்தது.

அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அதை அவள் நேகியிடம் சொல்லியிருந்தால் என் கதை முடிந்தது. நியாயமாக அவள் சொல்லத்தான் வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லியிருப்பேன்.

ஜூலை 24

இன்று திரும்பும்போது காரை வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். வழக்கமாக அணைக்க மாட்டாள்.

"நேகி ஒன்னப் பத்திக் கேட்டாரு. கெட்டிக்காரின்னேன். ஒருநாளும் வேலைய அரகொறயா வச்சதில்லன்னேன். மொத மொதல்ல எனக்கு இங்கிலீசு எழுதச் சொல்லிக் குடுத்தது அவதான்னேன். எல்லாத்தயும் எழுதிக்கிட்டாரு."

நான் பெல்ட்டைக் கழற்றினேன்.

"ரெக்சன் விசயம் டெல்லில ஒருத்திக்குத்தான் தெரியும், சுபா. அதயும் சொல்லிரணும்னுதான் ரெண்டு நாளா நெனச்சேன். ஆனா அது என் ஊகம்தானட்டி. நீ சொன்னத நா காதால கேக்கல. ஒரு வாய வச்சிக்கிட்டு ஒருத்தியக் கோப்புல ஏத்தப்படாதுல்லா. அதனால சொல்லல."

இறங்கினேன். கேட்டைத் திறக்கச் சாவியைத் தேடுகிற சாக்கில் நின்றேன். அவள் எஞ்சினைப் போட்டு, நான் உள்ளே போகிறவரை விளக்கை எரியவிட்டுப் பிறகுதான் போனாள்.

எட்டு வருடம் மேடையில் நின்று நான் சொன்ன விதியை, ஒரு தடவைகூட வகுப்பு எடுக்காத அவள் காப்பாற்றிவிட்டாள். திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 29

அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். இயக்குநர் பூங்கொத்து கொடுத்தார். பல்லா கட்டிப்பிடிக்காத குறை. எஸ்தர் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், கை சூடாக இருந்தது. எல்லோருடைய கண்ணும் அவள் மீதுதான். எவ்வளவு பெரிய மனசு பார் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என் பாராட்டுக் கூட்டத்திலும் அவளுக்குத்தான் பாராட்டு.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல்லா, நேகி, அந்த ஐந்து நிமிடம், எல்லாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு அந்தப் புள்ள மொகத்துல எப்படி முழிப்பே?" என்று மட்டும் கேட்டார். தினமும் பக்கத்து சீட்டில்தானே முழித்துக்கொண்டிருக்கிறேன், அது அவருக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 1

மெட்ரோவில் நேகியின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பல்லாவுக்குச் சொன்னது நான், பிறகு உங்களிடம் உறுதிப்படுத்தியதும் நான், ஆகவே உங்கள் கோப்பில் இருப்பது இரண்டு இடமல்ல, ஒன்று. வழக்கு எதுவும் பதிவாகவில்லை, படிவத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னதும் நான்தான். கையெழுத்து, தேதி.

நேகி இரண்டு முறை படித்தார். யாராவது மிரட்டினார்களா, எஸ்தர் கேட்டுக்கொண்டாரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். ஏன் இப்போது என்றார். தொழில் ஒழுக்கம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் நம்பவில்லை. மனசாட்சி என்று எழுதினால் இந்த நாட்குறிப்பே சிரிக்கும். நல்ல மூளை அவளுக்கு, நல்ல பெயர் அவளுக்கு, மீன் குழம்பும் அவளுக்கு. நல்லவள் என்பதையும் முழுசாக அவளுக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

என் அனுமதி இன்றே நிற்கும் என்றார். எஸ்தரின் கோப்பை மறுபடி திறப்பார்கள், அநேகமாகப் பதவி அவருக்கே போகும் என்றார். தெரிந்துதான் போனேன். ஆனால் கேட்கும்போது வயிறு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

கிளம்பும்போது, இதை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று எஸ்தருக்குத் தெரிவிப்பீர்களா என்று கேட்டேன். கோப்பு ரகசியம், ஒருபோதும் தெரியாது என்றார். அதைச் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தார் போல.

ஆகஸ்ட் 2

எட்டரைக்குக் கார் வந்தது. ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்டது, மூன்று சிக்னலிலும் நின்றோம். ஒவ்வொன்றிலும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நேற்று நேகியிடம் போனேன் எஸ்தர், உன் கோப்பு திரும்பத் திறக்கப் போகிறது. இவ்வளவுதான், ஒரு வரி.

சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னை அந்த நிமிடமே மன்னித்துவிடுவாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.